இன்னும் கொஞ்சம்தான்

படம் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அக்கா தன் புருஷனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து அழுத்த ஆரம்பித்தாள். பயத்தில் கையைப் பிடித்துக்கொள்வார்களே, அந்தப் பிடி இல்லை இது. கட்டைவிரல் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, உடம்புப் பாரத்தை அதன் மேல் இறக்கி, ரத்தக்குழாயை அடைக்கிற அழுத்தம். திரையில் ஒருவனுக்கு ரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தது. அவன் கையை அழுத்திப் பிடிக்க அங்கே ஒரு நாதி இல்லை. இவளுக்குக் கைக்கு எட்டியவர் புருஷன்தான்.

“ஏய், விடு. விரலெல்லாம் மரத்துப் போச்சு,” என்றார் அவர், பாப்கார்னை மென்றுகொண்டே.

அவள் விடவில்லை. தான் பிடித்திருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

அக்கா என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவளுக்கு சிஸ்டர் என்று பெயர், வீட்டில் ‘ஏய்’ என்று பெயர். ஆனால் இது அவளுடைய தம்பியால் வந்த வினை. அதனால் நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். பதினெட்டு வருஷமாக அவளுக்கு ஒரே அறையில் வேலை. புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றுகிற அறை. நீலத் திரை, உயரமான கட்டில், காலால் மிதித்தால் திறக்கிற குப்பைத் தொட்டி. அவள் பார்க்காத புண் இல்லை. பார்த்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு, அடுத்த அறையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறவள்.

அவள் புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். காய் நறுக்கும்போது விரலில் ஒரு கீறல் விழுந்தால் போதும், கத்தியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவார். ஆனால் பேய்ப்படம், கொலைப்படம் எது வந்தாலும் முதல் நாளே ஆஜர். ரத்தத்தைக் கண்டால் மயங்குகிறவர் தேடித் தேடிப் பார்க்கிறார். ரத்தத்திலேயே புழங்குகிறவள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள். ஜாடிக்கேத்த மூடி என்று இவர்களை யாரும் சொன்னதில்லை.

இந்தப் படத்துக்கு அவள் வந்ததே தம்பிக்காக. அவன் சினிமாவுக்குக் காயம் செய்கிறவன். ரப்பர், மெழுகு, சாயம், பசை, இவற்றைக் கொண்டு வெட்டு, குத்து, தீப்புண் எது வேண்டுமானாலும் செய்துவிடுவான். பல வருஷம் இன்னொருவரிடம் உதவியாளாக இருந்துவிட்டு, இந்தப் படத்தில்தான் மொத்தப் பொறுப்பும் அவன் தலையில். “நீ பாத்துட்டு மார்க் போடணும்க்கா. டைரக்டர் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது, நீ சொல்லணும்,” என்று பத்து நாளாகப் போன் மேல் போன்.

நியாயமாகப் பார்த்தால் வேலை அருமை. காயத்தின் ஓரத்தில் சதை எப்படிச் சுருங்கும், ரத்தம் எவ்வளவு நேரத்தில் நிறம் மாறும், எல்லாம் அச்சு அசல். பத்துக்கு ஒன்பது போடலாம் என்று அவள் மனசுக்குள் ஒரு மூலை கணக்குக்கூடப் போட்டது. இன்னொரு மூலை, யாராவது அவன் கையைத் தூக்கிப் பிடிங்களேன் என்று கதறியது. இரண்டும் ஒரே தலைக்குள் நடந்தால் மனுஷி என்னதான் செய்வாள்?

அப்போதுதான் அந்த இடம் வந்தது. கொலைகாரன் ஓர் ஆளைப் பிடித்து ஒரு பட்டறையில் கட்டிப்போட்டு, அவன் கையை மெஷினுக்குள் விட்டிருக்கிறான். அகப்பட்டவன் அழவில்லை, கத்தவில்லை. தலையைத் தூக்கித் தரையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “என் செருப்பு எங்க? ஒத்தச் செருப்பக் காணோமே. நேத்துதான் வாங்கினது.”

தியேட்டரே சிரித்தது. அவள் புருஷன் சிரித்த சிரிப்பில் பாப்கார்ன் மடியெல்லாம் சிதறியது.

கொலைகாரன் குனிந்து, அவன் காதருகில் வாயை வைத்து, தாலாட்டுகிற குரலில் சொன்னான்: “செருப்பு பத்திரமா இருக்கு. நான் எடுத்து வச்சிருக்கேன். இதோ ஆச்சு. இன்னும் கொஞ்சம்தான்.”

சிரிப்பு அப்படியே நின்றது. பின்வரிசையில் ஒரு பெண் வீரிட்டாள். அக்கா எழுந்தாள். யார் காலை மிதிக்கிறோம் என்று பார்க்காமல் வரிசையைக் கடந்து வெளியே வந்து, தண்ணீர்க் குழாயின் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாந்தி வரும்போல இருந்தது, வரவில்லை. அழுகை வரும்போல இருந்தது, அதுவும் வரவில்லை. என்னதான் வருகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஏனென்றால் அந்த வார்த்தைகள் அவளுடையவை.

பத்து மாசத்துக்கு முன்னால் ஒரு ரொட்டிக்கடைக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாவு பிசைகிற மெஷினில் வலது கை முழங்கை வரை போய்விட்டது. அன்றைக்கு ஆள் பற்றாக்குறை. ஆபரேஷன் அறை தயாராகும் வரை அந்தக் கையைத் தூக்கி அழுத்திப் பிடிக்க இவளைக் கூப்பிட்டார்கள். இருபது நிமிஷம் பிடித்திருந்தாள். அந்த இருபது நிமிஷமும் மனுஷர் தன் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பைத்தான் கேட்டார். ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றதைக் காணோம். நேற்றுத்தான் வாங்கியதாம். அது கடையில் விழுந்ததோ தெருவில் விழுந்ததோ, யார் கண்டது? “பத்திரமா இருக்கு, நான் எடுத்து வச்சிருக்கேன்,” என்று அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அதோடு வழக்கமாகச் சொல்கிறதையும் சேர்த்துக்கொண்டாள்.

அந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கட்டைப் பிரிக்கத் தொடங்கும்போதே, “இதோ ஆச்சு. இன்னும் கொஞ்சம்தான்,” என்பாள். பெரியவரோ சின்னவரோ, முதல் தடவையோ நாற்பதாவது தடவையோ, எல்லோருக்கும் அதே ஆறுதல், அதே குரல். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதற்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் அதைக் கேட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் பல்லை விடுவார்கள். மருந்துச் சீட்டில் எழுதாத மருந்து அது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வந்தான். எப்போதும்போல, “இந்த வாரம் என்னக்கா கேஸ்?” என்று கேட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். செருப்புக் கதையை இவள் அபிநயத்தோடு சொன்னாள். மனுஷர் கழுத்தைத் தூக்கித் தரையைத் தேடியதைக்கூட நடித்துக் காட்டினாள். தம்பி சிரித்தான். அக்காவும் சிரித்தாள். அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. நன்றாகவே சிரித்தாள்.

மார்க் தெரியாமல் தம்பிக்கு எப்படிப் பொறுக்கும்? அன்று படம் விட்டதும் தியேட்டர் வாசலிலேயே போன் அடித்தது.

“அக்கா, எத்தனை?”

“ஒம்பது.”

“அய்யோ! ஒரு மார்க் எங்க போச்சு?”

“எனக்குத் தலை வலிக்குதுடா. அப்புறம் பேசறேன்.”

வீட்டுக்கு வந்ததும் புருஷன் டீ போட்டுக் கொடுத்தார். மணிக்கட்டில் இவள் கட்டைவிரல்கள் பதிந்த இடம் கன்றிப்போய்க் கிடந்தது. அதைத் தேய்த்தபடியே கேட்டார்: “தெனம் பாக்கறவ நீ. அது ரப்பர்னு உனக்குத் தெரியும். செஞ்சதே உன் தம்பி. அப்புறம் என்ன பயம்?”

“நெஜமா இருந்தா எனக்குப் பயமே இல்லையே.”

“பொய்யின்னா?”

அவள் டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “பொய்யின்னா நான் என்ன செய்யறது? சும்மா உக்காந்து பாக்கணுமா?”

“ஆமா, பாக்கத்தானே டிக்கெட்டு,” என்றார் அவர்.

திங்கட்கிழமை காலையில்தான் விபரீதம் தெரிந்தது. முதலில் வந்தவள் ஒரு தையற்கார அம்மா. காலில் வெந்நீர் கொட்டிய புண். அக்கா இடுக்கியை எடுத்தாள், கட்டின் நுனியைப் பிடித்தாள், வாயைத் திறந்தாள். ‘இதோ’ என்பது தொண்டை வரை வந்தது. அதற்குமேல் அந்தக் கொலைகாரனின் குரல் வந்து நின்றுகொண்டது. வாயை மூடிக்கொண்டாள்.

மௌனமாகவே பிரித்தாள். கட்டிலில் இருந்த அம்மா ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள். “என்ன சிஸ்டர், இன்னிக்கு ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க? ரொம்ப மோசமா இருக்கா?”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “கடவுள் இருக்கார்மா,” என்றாள் அக்கா.

அந்த அம்மா வெளிறிப்போனாள். சாதாரணப் புண்ணுக்கு யார் கடவுளைக் கூப்பிடுவார்கள்? கட்டு முடிகிற வரை கட்டில் கம்பியை விடவே இல்லை. போகும்போது, பெரிய டாக்டரைப் பார்க்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்று ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேருக்கும் வழக்கத்தைவிட அதிகமாக வலித்தது. கை அதே கைதான், மருந்து அதே மருந்துதான். அந்த இரண்டு வாக்கியம் இல்லாமல் தன்னால் வேலை செய்ய முடியாது என்று பதினெட்டு வருஷம் கழித்து அவளுக்குத் தெரிந்தது. போதாக்குறைக்குப் புதன்கிழமை வேறு வருகிறது. புதன்கிழமை ரொட்டிக்கடைக்காரர் வருகிற நாள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டி, அது பிடிக்காமல் மறுபடி ஒட்டி, வாராவாரம் கட்டு நடந்துகொண்டிருந்தது. போன வாரம்தான் இவளே வாயைக் கொடுத்திருந்தாள், தம்பி படம் வருகிறது என்று. “உங்க தம்பி படமா? குடும்பத்தோட போயிடறோம். அடுத்த புதன் வந்து சொல்றேன்,” என்றிருந்தார் மனுஷர்.

அன்று சாயங்காலம் தம்பி வந்துவிட்டான். முகமெல்லாம் பல்.

“செருப்பு சீன்தான்க்கா இப்ப எல்லார் வாயிலயும். நீ பாதியில போயிட்டியாமே? கடைசில ‘நன்றி: என் அக்கா’ன்னு போட்டிருந்தேனே, பாக்கலியா?”

“அந்தப் பேச்சு எப்படிடா உள்ள வந்துச்சு?”

“சாப்பிடும்போது டைரக்டர்கிட்ட சும்மா சொன்னேன். அவர் அப்படியே அள்ளிக்கிட்டார். கொலைகாரன் அதட்டினா ஜனங்க பயப்பட மாட்டாங்களாம். ஆறுதலாப் பேசினாத்தான் குலை நடுங்குமாம். சரியாத்தானே சொன்னார்?”

“அது நான் ஒரு மனுஷனுக்குச் சொன்னதுடா.”

“நீதானே எனக்குச் சொன்ன? நீயும் சிரிச்சியேக்கா.”

தம்பி அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினான். “நான் ரப்பர்லதான்க்கா செய்யறேன். யாருக்கும் வலிக்கல.”

“வலிக்கல. அதாண்டா.”

“அதான்னா?”

“தெரியல,” என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை. தம்பி மேல் கோபமா, தன் மேல் கோபமா, சிரித்த ஜனங்கள் மேல் கோபமா என்று பிரித்துப் பார்த்தாள், ஒன்றும் பிரியவில்லை. அவன் ஒரு மார்க் எங்கே போயிற்று என்று மறுபடி கேட்காமலே எழுந்து போனான். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பதிவேட்டில் ரொட்டிக்கடைக்காரரின் நம்பரைத் தேடிப் போன் போட்டாள். படத்துக்குப் போகாதீங்க என்று சொல்லிவிடலாம் என்று எண்ணம். காரணம் கேட்டால்? அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். அவர் மனைவிதான் எடுத்தாள். பின்னால் குழந்தைகள் சத்தம்.

“சிஸ்டரா? இதோ, உங்க தம்பி படத்துக்குத்தான் கெளம்பிட்டிருக்கோம். ஆட்டோ வந்துடுச்சு. என்ன சிஸ்டர், டாக்டர் ஏதாவது சொன்னாரா?”

“இல்ல... கட்டு நனையாம பாத்துக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான்,” என்று வைத்துவிட்டாள். மழையும் இல்லை, ஒன்றும் இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லக்கூட வழியில்லை.

அன்று இரவு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அவர் வந்து காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வது. உங்க வலியை நான் சோற்றோடு பரிமாறிவிட்டேன், தப்புத்தான் என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிடுவது. சொன்னாலாவது வாய்க்குள் உட்கார்ந்திருக்கிற அந்தக் குரல் போகுமா என்று பார்ப்பது. போகாவிட்டால் வேறு வார்டுக்கு மாற்றல் கேட்பது.

புதன்கிழமை பத்து மணிக்கு நீலத் திரையை விலக்கிக்கொண்டு ரொட்டிக்கடைக்காரர் வந்தார். பெருத்த உடம்பு, சிரித்த முகம். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் தானே எடுத்து வைத்தார்.

“பாத்துட்டோம் சிஸ்டர்!”

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு விரல் உள்ளே போக மறுத்தது. “எப்படி இருந்துச்சு?”

“உங்க தம்பி கைக்குத் தங்கக் காப்பு போடணும். அந்த மெஷின் காட்சி வந்ததும் என் வீட்டுக்காரி என் நல்ல கையப் பிடிச்சவ, படம் முடியற வரைக்கும் விடல.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். “ஆனா ஒண்ணு. சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது.”

வந்துவிட்டது என்று நினைத்தாள் அக்கா. “சொல்லுங்க. என்ன வேணா சொல்லுங்க.”

“அந்தச் செருப்பு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“கை அரைபடுது, அந்த நேரத்துல எவனாவது ஒத்தச் செருப்பத் தேடுவானா? நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன், அது வேற விஷயம். ஆனா நெஜத்துல அப்படியெல்லாம் தோணாது சிஸ்டர். அனுபவிச்சவன் சொல்றேன். தம்பி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்.”

அக்கா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். கேலி இல்லை. மனுஷர் நிஜமாகவே தம்பிக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்கக் கோத்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் அவள் வாய்க்குள்ளேயே கலைந்துபோயின. யாரிடம் மன்னிப்புக் கேட்பது? அந்தச் செருப்பைத் தேடிய ஆள் இப்போது இவள் நினைவைத் தவிர வேறு எங்கும் இல்லை.

“அன்னிக்கு நடந்தது உங்களுக்கு எதுவுமே ஞாபகம் இல்லையா?”

“மெஷின் சத்தம் ஞாபகம் இருக்கு. அப்புறம் வார்டுல கண்ணு முழிச்சேன். நடுவுல ஒண்ணுமே இல்ல, தொடச்சு விட்ட மாதிரி.” நல்ல கையால் தலையைச் சொறிந்துகொண்டார். “ஆனா படத்துல ஒரு கூத்து நடந்துச்சு. வெளிய சொன்னா சிரிப்பாங்க. அந்தக் கொலைகாரப் பாவி காதுகிட்ட வந்து பேசறான் பாருங்க, பத்திரமா இருக்கு, இதோ ஆச்சுன்னு. தியேட்டரே கத்துது. என் வீட்டுக்காரி கத்தறா, புள்ளைங்க கத்துதுங்க. எனக்கு மட்டும்...”

“உங்களுக்கு?”

“பயமே வரல சிஸ்டர். அப்பாடான்னு இருந்துச்சு. இனிமே ஒண்ணும் ஆகாதுங்கற மாதிரி. கண்ணுல தண்ணிகூட வந்துடுச்சு. கொலைகாரன் பேச்சக் கேட்டு எவனுக்காவது நிம்மதி வருமா? எனக்குப் புத்தி ஏதாவது பெரண்டு போச்சா, நீங்களே சொல்லுங்க.”

நான்கு நாளாக வராமல் இருந்த அழுகை இப்போது வந்து மூக்கில் நின்றது. அது எதற்கு வருகிறது என்று அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. சந்தோஷம் மாதிரியும் இருந்தது, சந்தோஷம் இல்லாத மாதிரியும் இருந்தது. குனிந்து இடுக்கியை எடுத்துக் கட்டின் நுனியைப் பிடித்தாள். முதல் சுற்று பிரிந்தது. ரொட்டிக்கடைக்காரரின் முகம் கோணியது. பல்லைக் கடித்தார்.

“ஆ... என்ன சிஸ்டர் இன்னிக்கு இப்படி வலிக்குது? எப்பவும் ஏதோ சொல்லிக்கிட்டே பிரிப்பீங்களே. அதச் சொல்லுங்க.”

“என்ன சொல்லுவேன்?”

“எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? உங்க வாயில வருமே, அதுதான்.”

அவள் வாயைத் திறந்தாள். இரண்டு குரலும் ஒன்றாகத்தான் வந்தன. எது தன்னுடையது என்று பார்க்க நேரம் இல்லை. அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்துவிட்டது.

“இதோ ஆச்சு,” என்றாள் அக்கா. “இன்னும் கொஞ்சம்தான்.”

அவர் பல்லை விட்டார். தோள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, குழந்தை மாதிரித் தலையைப் பின்னால் சாய்த்தார்.

அக்கா கட்டைப் பார்த்தாள். இன்னும் பதினோரு சுற்று இருந்தது.